செத்துப்போன புருஷன் பேர்ல ஒரு நாய்: 'மேஸோன் இக்கொக்கு' சிரிக்க வைக்கிற விதம்

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவை, திக்கல், நடுவுல கேட்ட பைக் ஹாரன் எல்லாத்தையும் எடுத்துட்டோம். கதையோட முடிவு வரைக்கும் பேசுறோம், முன்னாடியே சொல்லிட்டோம்.

போன ரெண்டு எபிசோடும் சண்டை, ரத்தம், பேய் வேட்டைன்னு போச்சு. "ஒரு ரோம்-காம் பேசுங்க ப்ரோ"ன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டீங்க. பேசிடலாம். ஆனா நீங்க எதிர்பார்த்த 'காகுயா-சாமா' இன்னிக்கு இல்ல. நானும் உங்கள்ல முக்கால்வாசி பேரும் பொறக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்ச ஒரு மங்கா. பேரு 'மேஸோன் இக்கொக்கு'. எழுதி வரைஞ்சவங்க ருமிகோ தகஹாஷி. ஆமா, 'இனுயாஷா' பண்ண அதே தகஹாஷி.

1980-ல ஷோகாகுகான் நிறுவனம் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்'னு பெரியவங்களுக்கான ஒரு பத்திரிகையை ஆரம்பிச்சப்போ, அதுலதான் இந்தத் தொடர் வர ஆரம்பிச்சது. அப்போ தகஹாஷிக்கு 23 வயசு இருக்கும். 1987-ல முடிச்சாங்க. 15 தொகுதி, 160-க்கு மேல அத்தியாயம். இதே வருஷங்கள்ல 'உருசேய் யாட்சுரா'ன்னு இன்னொரு தொடரும் வேற பத்திரிகையில ஓடிட்டு இருந்தது. எனக்கு வாரத்துக்கு ஒரு எபிசோட் எடிட் பண்ணவே ஞாயித்துக்கிழமை முழுசா காலி, அதை விடுங்க.

நான் இதுக்குள்ள வந்த கதை கொஞ்சம் புதுச்சேரித்தனமானது. எங்க சொந்தத்துல ஒரு குடும்பம் பிரெஞ்சு குடியுரிமைக்காரங்க. 1962-ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, எந்தக் குடியுரிமை வேணும்னு தேர்ந்தெடுக்க ஆறு மாசம் டைம் கொடுத்தாங்கல்ல, அப்போ பிரான்ஸ்னு எழுதிக் கொடுத்தவங்க. அந்த வீட்டு அக்கா ஒருத்தங்க பாரிஸ் பக்கத்துல சார்செல்ல வளர்ந்தவங்க. லீவுக்கு வந்தப்போ என் லேப்டாப்ல இந்த அனிமே ஓடுறதைப் பார்த்துட்டு, "டேய், இது ஜூலியத் தானே?"ன்னாங்க. எந்த ஜூலியத்? அப்புறம் தேடிப் பார்த்தா, பிரான்ஸ்ல 1988-லேர்ந்து இந்த அனிமே 'ஜூலியத், ஜ தெம்'ங்கிற பேர்ல 'கிளப் தொரோத்தே'ங்கிற பிள்ளைங்க நிகழ்ச்சியில வந்திருக்கு. ஹீரோயின் கியோகோ அங்க ஜூலியத். ஹீரோ கொதாய் அங்க யூகோ. அவங்க இருக்குற வீடு 'மிமோஸா விடுதி'. அக்காவுக்கு அது ஜப்பான் கதைன்னே ரொம்ப நாள் தெரியாதாம். "எல்லாரும் ஏன் தரையில உக்காந்து சாப்பிடுறாங்கன்னு மட்டும் யோசிச்சேன். நம்ம ஊர் ஆளுங்களோன்னு நெனச்சேன்"னாங்க.

இதுல இன்னொரு வேடிக்கை, 'மேஸோன்'ங்கிறதே பிரெஞ்சு வார்த்தைதான். வீடு. நம்ம வொயிட் டவுன்ல ரெண்டு தெரு நடந்தா நாலு போர்டுல பார்த்துடலாம், உள்ள ஒரு ராத்திரி தங்க நம்ம சம்பளம் பத்தாது. ஜப்பான்லயும் அப்பார்ட்மென்ட்டுக்கு கெத்தா இப்படிப் பேர் வைக்கிற பழக்கம் உண்டு. தகஹாஷி அதைக் கொண்டு போய் வச்சது, எப்போ இடிஞ்சு விழும்னு தெரியாத ஒரு பழைய மர வீட்டுக்கு. 'இக்கொக்கு'ன்னா ஒரு சின்னப் பொழுது. அந்தச் சின்னப் பொழுது ஏழு வருஷம் ஓடுச்சு.

கதை இதுதான். யூசாகு கொதாய் அந்த வீட்ல அஞ்சாம் நம்பர் ரூம். காலேஜ் நுழைவுத் தேர்வுல தேறாம, அடுத்த வருஷத் தேர்வுக்குப் படிக்கிறவன். ஜப்பான்ல இவங்களை 'ரோனின்'னு சொல்வாங்க, எஜமான் இல்லாத சாமுராய்க்கு இருந்த பழைய பேரு. நம்ம ஊர்ல நீட் ரிப்பீட்டர்னு வச்சுக்கோங்க. ஆனா படிக்க எங்க விடுறாங்க? பக்கத்து ரூம்காரங்க எல்லாம் இவன் ரூம்லயே கூடி குடிச்சு கூத்தடிக்கிறாங்க. நாலாம் நம்பர் யோட்சுயா சுவத்தையே ஓட்டை போட்டு அது வழியா வருவாரு. அவர் என்ன வேலை பார்க்குறாருன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கி வேலை தேடின சீனியர்ஸ் யாரையாவது கேளுங்க, அவங்க மாடியிலயும் ஒரு யோட்சுயா இருந்திருப்பார். வெறுத்துப் போய் கொதாய் பெட்டியைக் கட்டுறான். அதே நேரத்துல அந்த வீட்டைப் பார்த்துக்க புது மேனேஜர் வந்து வாசல்ல நிக்கிறா. கியோகோ ஓடொனாஷி. அவனைவிட ரெண்டு வயசு பெரியவ. கூட ஒரு பெரிய வெள்ளை நாய். பெட்டி திரும்ப உள்ள போயிடுது.

இது வரைக்கும் ஆயிரம் ரோம்-காம்ல பார்த்த ஓப்பனிங். கொஞ்ச அத்தியாயம் போனதும் கொதாய்க்கு ஒரு விஷயம் தெரிய வருது. கியோகோவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனது. ஆறு மாசத்துல புருஷன் இறந்துட்டார். அவர் பேரு சொய்ச்சிரோ. அவ தினமும் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு 'சொய்ச்சிரோ-சான்'னு மரியாதையா கூப்பிடுறாளே அந்த நாய், அதுக்கும் அதே பேர்தான். அவர் உயிரோட இருந்தப்போ அவர் பின்னாடியே வீட்டுக்கு வந்து சேர்ந்த நாய். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாதான் திரும்பிப் பார்க்கும்.

இந்த இடத்துல நான் முதல் தடவை படிக்கும்போது பத்து நிமிஷம் நின்னுட்டேன். நம்ம பாட்டி தலைமுறையில பொண்டாட்டி வாய்ல புருஷன் பேரே வராது. ரேஷன் கடையில குடும்பத் தலைவர் பேர் கேட்டா, பக்கத்துல நிக்கிற பேரனை இடிச்சு "சொல்லுடா"ம்பாங்க. அவர் பேரு முருகன்னா, கோயில்ல சாமி பேரைக்கூட சுத்தி வளைச்சுதான் சொல்வாங்க. இங்க ஒரு பொண்ணு செத்துப்போன புருஷன் பேரை ஒரு நாளைக்குப் பத்து தடவை தெருவுக்கே கேக்குற மாதிரி கூப்பிடுறா, வந்து நிக்கிறது வாலை ஆட்டிக்கிட்டு ஒரு நாய். அவ நாயைத் திட்டினா புருஷனைத் திட்டுற மாதிரி கேக்குது. நாயைக் கொஞ்சினா கொதாய்க்கு வயிறு எரியுது. ஜோக்குதான், சிரிப்பு வருது. அந்தப் பேரைச் சொல்ல அவளுக்கு வேற வழி இல்லைங்கிறதும் அதே பேனல்ல இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனி சீன் போடல.

இதை ஏன் பெருசா சொல்றேன்னா, நம்ம பக்கம் அதே காலத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1984-ல ஆர்.சுந்தர்ராஜனோட 'வைதேகி காத்திருந்தாள்'. ரேவதி அதுல இளம் விதவை. படம் நல்ல ஹிட். ஆனா அந்தப் படம்னு சொன்னதும் நம்ம தலைமுறைக்கு முதல்ல ஞாபகம் வர்றது கவுண்டமணி, செந்தில், அந்தப் பெட்ரோமாக்ஸ் லைட்டு. சிரிப்பு ஒரு டிராக்ல ஓடுது, துக்கம் இன்னொரு டிராக்ல ஓடுது. சைக்கிள் கடையில உடையுற மேன்டில் சத்தம் அந்த வீட்டுத் திண்ணைக்குக் கேக்காது. கவுண்டமணியைக் குறை சொன்னா கமென்ட்ல என்னை உரிச்சுடுவீங்க, நான் சொல்லல. நான் சொல்றது வேற: நம்ம கதைகள்ல புருஷனை இழந்த பொண்ணுக்கு அழ உரிமை உண்டு, தியாகம் பண்ண உரிமை உண்டு, ஒரு நல்லவன் வந்து காப்பாத்தக்கூட உரிமை உண்டு. அசட்டுத்தனம் பண்ண மட்டும் உரிமை கிடையாது.

கியோகோ அசடு. அதுவும் முழு அசடு. பியோ பியோன்னு கத்துற ஒரு கோழிக்குஞ்சு படம் போட்ட ஏப்ரன் கட்டிக்கிட்டு வாசல் பெருக்குவா. கொதாய் கொஸுவேங்கிற பொண்ணோட வெளியே போயிட்டு வந்தா, "நல்லா இருந்துதா?"ங்கிற மாதிரி சிரிச்ச முகமா கேட்டுட்டு, அடுத்த பேனல்ல விளக்குமாறு அடிக்கிற அடியில புழுதி பறக்கும். அவளுக்குப் பொறாமை. ஆனா பொறாமைப்பட அவளுக்கு உரிமை இல்ல, ஏன்னா அவ இன்னும் சொய்ச்சிரோவோட மனைவின்னு சொல்லிட்டு இருக்கா. கொதாய் மேல ஆசை இருக்குன்னு ஒத்துக்கிட்டா, புருஷனுக்குத் துரோகம் பண்ற மாதிரி. ஒத்துக்கலைன்னா, கோபத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. அதனால காரணம் சொல்ல முடியாத கோபம் எல்லாம் விளக்குமாறு, பாத்திரம், கதவுன்னு போய் விழுது. கொதாய் எதுக்குத் திட்டு வாங்குறோம்னே தெரியாம நிக்கிறான். இந்த மங்காவோட காமெடி எஞ்சின் இதுதான். அந்த எஞ்சின்ல ஊத்துற பெட்ரோல் அவளோட துக்கம். துக்கத்தை எடுத்துட்டீங்கன்னா காமெடியும் நின்னுடும்.

எங்க வீட்லயே ஒருத்தங்க இருக்காங்க. சொந்தம் என்னன்னு சொல்ல மாட்டேன், எபிசோட் கேப்பாங்க. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்துல அவர் இறந்துட்டார். அப்போ அவங்களுக்கு வயசு 24. நான் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது. எங்களுக்குத் தெரிஞ்ச அவங்க, மிமிக்ரி பண்றவங்க. பால்காரர், பக்கத்து வீட்டு டீச்சர், எங்க தாத்தா, எல்லார் குரலும் வரும். ஆனா வெளி ஆளுங்க வந்தா, கல்யாண வீட்டுக்குப் போனா, சட்டுன்னு அடங்கிடுவாங்க. சின்ன வயசுல அது அவங்க சுபாவம்னு நெனச்சேன். வெளியில சிரிச்சா யார் என்ன சொல்வாங்கங்கிற கணக்குன்னு புரிய எனக்கு இருபது வயசு தாண்டிடுச்சு.

சரி, சொய்ச்சிரோவுக்கு வருவோம். தகஹாஷி பண்ண ரொம்பப் புத்திசாலித்தனமான வேலை, 15 தொகுதியிலயும் அந்த ஆளோட முகத்தைக் காட்டவே இல்ல. பழைய நினைவுகள் வரும், அதுல அவர் நிப்பார், பேசுவார். முகம் மட்டும் நிழல்ல இருக்கும்.

இதை 'மௌன ராகம்' பக்கத்துல வச்சுப் பாருங்க. 1986, மணிரத்னம். அதே ரேவதி. இங்க இறந்தது காதலன். மனசுல அவனோட, வீட்ல கட்டாயத்துல கட்டிக்கிட்ட புருஷனோட, டெல்லியில ஒரு பொண்ணு. கட்டமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணு: உயிரோட இருக்கிறவனுக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு செத்தவன். ஆனா மணிரத்னம் அந்தச் செத்தவனுக்கு கார்த்திக் முகத்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரம்தான் வர்றார், மொத்தப் படத்தோட குறும்பையும் சுருட்டிக்கிட்டுப் போயிடுறார். பாவம் மோகன். இன்னிக்கு வரைக்கும் அந்தப் படம்னா தியேட்டர்ல விசில் யாருக்குன்னு உங்களுக்கே தெரியும். படத்தோட சிரிப்பு பெரும்பாலும் இறந்தவன் பக்கம் இருக்கு, அதனால திவ்யா எதை இழந்தாங்கிறது நமக்கு நேராவே வலிக்குது. அது ஒரு முறை, அந்தப் படத்துக்கு அதுதான் சரி.

தகஹாஷி நேர் எதிர்ப் பக்கம் போறாங்க. முகம் தெரியாததால வாசகரால சொய்ச்சிரோவையும் கொதாயையும் ஒப்பிட முடியாது. கொதாயாலயும் முடியாது. அவனைவிட இவன் அழகா, இவனைவிட அவர் நல்லவரா, ஒண்ணுக்கும் பதில் கிடையாது. உயிரோட இருக்குற போட்டியாளன்னு ஒருத்தன் இருக்கான், ஷுன் மிதாக்கா. டென்னிஸ் கோச், பணக்காரன், சிரிச்சா பல்லு மின்னும். நிஜமாவே மின்னல் வரைஞ்சிருப்பாங்க. ஆனா அவனுக்கு நாய்னா உயிரே போயிடும். கியோகோவைப் பார்க்க வரும்போதெல்லாம் சொய்ச்சிரோங்கிற நாய் ஆசையா மேல பாயும், அவன் விறைச்சுப் போய் நிப்பான். செத்துப்போன புருஷன் வாசல்ல நின்னு காவல் காக்குற மாதிரி. மிதாக்கா வழுக்கி விழலாம், கொதாய் குடிச்சுட்டு நடுத்தெருவுல நின்னு கியோகோவைக் காதலிக்கிறேன்னு ஊர் கேக்க கத்தலாம். இறந்தவர் மட்டும் தப்பே பண்ண மாட்டார். அவரோட எப்படிப் போட்டி போடுறது?

இங்க ஒரு சின்ன டைவர்ஷன், என் மாதிரி டெவலப்பர் மக்களுக்காக. இந்த மங்காவுல குடும்பப் பேர் எல்லாத்துலயும் ஒரு எண் ஒளிஞ்சிருக்கு. இச்சினோசே, ஒண்ணு. நிக்காய்டோ, ரெண்டு. மிதாக்கா, மூணு. யோட்சுயா நாலு, கொதாய் அஞ்சு, ரொப்பொங்கி ஆறு. வீட்ல இருக்கிறவங்களுக்கு அதுவே ரூம் நம்பர். மூணாம் எண் மிதாக்காவுக்கு, அவன் வீட்டுக்கு வெளியில. கொஸுவேவோட குடும்பப் பேர் நனாவோ, ஏழு. பின்னாடி வர்ற யாகாமி எட்டு, குஜோ ஒன்பது. மேனேஜர் ரூமுக்கு எண் இல்ல. ஓடொனாஷின்னா ஒலி இல்லாததுன்னு அர்த்தம், அதுல வர்ற 'நாஷி' இல்லைங்கிறதைக் குறிக்கும். அதாவது பூஜ்ஜியம். எண்ணிக்கை சரியா பூஜ்ஜியத்துல தொடங்குது பாருங்க, மனசு குளிர்ந்துச்சு எனக்கு. இன்னும் ஒண்ணு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி கியோகோவோட பேர் சிகுசா. அதுல இருக்குற எண் ஆயிரம். ஆயிரமா இருந்தவ கல்யாணமாகி ஆறு மாசத்துல தனி பூஜ்ஜியமா நிக்கிறா.

மாமனார் வீட்டைப் பத்தியும் சொல்லணும். அந்தப் பழைய வீட்டோட சொந்தக்காரரே சொய்ச்சிரோவோட அப்பாதான். மருமக வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கக் கூடாதுன்னு இந்த வேலையைக் கொடுத்தவரும் அவர்தான். நீ இன்னும் சின்னப் பொண்ணு, எங்க பேரை விட்டுட்டு வேற வாழ்க்கை பாருன்னு சொல்றதும் அவர்தான். பெத்த அப்பா அம்மாவும் மறுகல்யாணம் பண்ணிக்கச் சொல்லி நச்சரிக்கிறாங்க. கவனிங்க, இந்தக் கதையில தடை போடுற சமூகம்னு ஒண்ணு கிடையாது. நம்ம நாட்டுல விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856. சட்டம் வந்து 170 வருஷம் ஆகப் போகுது, நம்ம கதைகள் இன்னும் "ஊர் என்ன சொல்லும்"லேயே நிக்கும். கியோகோவுக்கு ஊர் பிரச்சினையே இல்ல. ஊர், மாமனார், குடிச்சுட்டு ஆடுற ஆறாம் நம்பர் அகேமி, எல்லாரும் சரிங்கிறாங்க. அவ மட்டும் தயாரா இல்ல. அதனால வில்லன் இல்லாமலே 160 அத்தியாயம் ஓடுது.

ஓடுதுன்னா, இழுக்குதுன்னு அர்த்தமான்னு கேட்டீங்கன்னா, இல்ல. இதை நம்ம மெகா சீரியலோட வச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும். சீரியல்ல வருஷக்கணக்கா ஒரே குழப்பம், ஆனா யாருக்கும் வயசாகாது. நிறைய ரோம்-காம் மங்காவும் அப்படித்தான். ஒவ்வொரு அத்தியாயமும் முடிஞ்சதும் எல்லாத்தையும் பழைய நிலைக்கு ரீசெட் பண்ணிடுவாங்க, அடுத்த வாரம் திரும்ப முதல்லேர்ந்து. தகஹாஷி ரீசெட் பண்றதில்ல. வெளியில வருஷம் ஓடுற வேகத்துலயே கதைக்குள்ளயும் ஓடுது. கொதாய் ஒரு சுமாரான காலேஜ்ல சேர்றான், முடிக்கிறான், வேலை கிடைக்காம அலையுறான். கிண்டர்கார்டன்ல பார்ட் டைம் போறான், அது போயிடுது. அப்புறம் ஒரு கேபரேல, அங்க வேலை பார்க்குற பொண்ணுங்களோட குழந்தைகளைப் பார்த்துக்குற வேலை. அங்கேயே உக்காந்து மழலையர் பள்ளி ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறான். கேம்பஸ் இன்டர்வியூ கோட்டை விட்ட யாருக்கும் அந்த அத்தியாயங்கள் லேசுல போகாது. முதல் தொகுதியில யாருக்கும் உபயோகமில்லாம இருந்த பையன், குழந்தைங்க மேல ஏறி விளையாட அசையாம உக்காந்திருக்குற ஆளா மாறுறான். எந்த இடத்துல மாறினான்னு பக்கம் காட்ட முடியாது.

குழப்பங்களும் அப்படித்தான். வீட்டுக்கே ஒரு போன், அதுவும் பொதுவுல. கொதாய்க்கு வர்ற காலை எடுக்கிறது ஒண்ணாம் நம்பர் இச்சினோசே அம்மா. எடுத்தா அரை மணி நேரத்துல மொத்த வீட்டுக்கும் தெரியும். 'லவ் டுடே'ல ரெண்டு போனை மாத்திக் கொடுத்ததும் எல்லா ரகசியமும் கொட்டுச்சுல்ல? இங்க ரகசியம் வச்சுக்க இடமே இல்லாத வீடு, ஆனாலும் ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குற அந்த ஒரு விஷயம் மட்டும் வெளிய வராது. போன் இருந்திருந்தா இந்தக் கதை அஞ்சு அத்தியாயத்துல முடிஞ்சிருக்கும்னு சில பேர் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கியோகோ வாட்ஸ்அப்ல டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சிருப்பா, அவ்ளோதான்.

எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். கொஸுவேவை கொதாய் வருஷக்கணக்கா "இல்ல"ன்னு சொல்லாமலே வச்சிருக்கிறது எனக்கு இப்பவும் கோபம். அவன் நல்லவன்கிறதால அது நல்ல காரியம் ஆகிடாது. யோட்சுயா எட்டிப் பார்க்குறதெல்லாம் ஜோக்குன்னு வச்சிருக்காங்க, இன்னிக்கு சிரிப்பு வரல. ரெண்டாம் நம்பர் நிக்காய்டோ வந்ததுல கதைக்குப் பெரிய லாபம் இல்ல. டிவி அனிமேல அவனைத் தூக்கிட்டாங்க, யாரும் தேடல.

பெரிய நெருடல் ஒண்ணு: கியோகோ சொய்ச்சிரோ மேல ஆசைப்பட்டது அவ ஸ்கூல் பொண்ணா இருந்தப்போ. அவர் அங்க வாத்தியார். வீட்ல எதிர்ப்பு, அதை மீறிக் கல்யாணம். இதை அழகான காதலா சொல்லிட்டுப் போயிருந்தா நான் புத்தகத்தை மூடியிருப்பேன். ஆனா பாதிக்கு மேல தகஹாஷி ஒரு கேரக்டரைக் கொண்டு வர்றாங்க, இபுகி யாகாமி. கொதாய் ஆசிரியர் பயிற்சிக்காக கியோகோ படிச்ச அதே ஸ்கூலுக்குப் போறான். அங்க மாணவி யாகாமி அவன் மேல பைத்தியமா ஆகி வீடு வரைக்கும் துரத்துறா. கியோகோவுக்கு எதிர்ல நிக்கிறது அவளோட பழைய உருவம். சின்னப் பொண்ணு, இதெல்லாம் வெறும் மயக்கம்னு அவளை அதட்டணும். அதட்டினா, தன்னோட கல்யாணமும் வெறும் மயக்கம்தானான்னு கேள்வி வரும். யாகாமி அதை மூஞ்சிக்கு நேரா குத்திக் காட்டவும் செய்றா. அந்த அத்தியாயங்கள்ல சிரிப்பு நிறைய, ஆனா கியோகோ முதல் தடவையா புருஷனோட நினைவை கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்க்குறது அங்கதான்.

முடிவு. மிதாக்காவுக்கு ஒரு கேலிக்கூத்தான தீர்ப்பு: அசுனா குஜோங்கிற பொண்ணு கர்ப்பம்னு தப்பா நெனச்சு, பொறுப்பா கல்யாணத்துக்குச் சம்மதிச்சுடுறான். கடைசியில கர்ப்பமானது அவளோட நாய். நாய்க்குப் பயந்தவன் வீடு நிறைய நாயோட குடும்பம் நடத்தப் போறான். இந்தப் பக்கம் கொதாய் ஒரு வழியா கேட்டுடுறான். கியோகோ போடுறது ஒரே ஒரு நிபந்தனை. தனக்கு முன்னாடி அவன் சாகக் கூடாது, ஒரே ஒரு நாளாவது தன்னைவிட அதிகமா இருக்கணும். இன்னொரு தடவை தனியா இருக்க அவளால முடியாது. கொடுக்கவே முடியாத வாக்கு அது. கொதாய் கொடுக்குறான்.

கல்யாணத்துக்கு முன்னாடி கொதாய் சொய்ச்சிரோவோட கல்லறைக்குப் போறான். இத்தனை வருஷமா பொறாமைப்பட்ட ஆள்கிட்ட பேசுறான். கியோகோ மறைவுல நின்னு கேக்குறது அவனுக்குத் தெரியாது. சுருக்கமா சொன்னா, அவளை முதல் தடவை பார்த்தப்பவே அவளுக்குள்ள நீங்களும் இருந்தீங்க, நான் விரும்பினது அப்படி இருந்த அவளைத்தான், அதனால உங்களையும் சேர்த்தே கூட்டிட்டுப் போறேங்கிறான். மறந்துடுன்னு அவகிட்ட அவன் சொல்லல. இந்தக் காட்சியிலயும் சொய்ச்சிரோவுக்கு முகம் கிடையாது. கல் மட்டும்தான். அதுக்கப்புறம் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, பேரு ஹருகா. குழந்தையைத் தூக்கிட்டு அதே பழைய வீட்டுக்குத்தான் வர்றாங்க. நாய் இன்னும் இருக்கு. பேர் மாறல.

எங்க படிக்கிறதுன்னு கேப்பீங்க. இங்கிலீஷ்ல விஸ் மீடியா 10 கனமான தொகுதியா போட்டிருக்காங்க. அனிமே 96 எபிசோட், 1986-லேர்ந்து 1988 வரைக்கும் ஃபுஜி டிவியில வந்தது. முதல்ல மங்கா படிங்கன்னுதான் சொல்வேன், அந்த முகமில்லாத பேனல்களுக்காகவே.

முதல் தொகுதியை எங்க வீட்டு மிமிக்ரி ஆர்டிஸ்ட்கிட்ட கொடுத்தேன். நான் ஒண்ணும் விளக்கம் சொல்லல. பிரெஞ்சுதான் வரும், இங்கிலீஷ் கண்ணாடி போட்டாதான் வரும்னு முனகிக்கிட்டே வாங்கினாங்க. ரெண்டு நாள் கழிச்சு மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். கீழ வாசல்ல எங்க தெரு நாய் படுத்திருக்கும், பேர் கிடையாது, எல்லாரும் 'டேய்'ம்பாங்க. அதுக்குச் சோறு வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், முப்பது வருஷமா அந்த வீட்ல யாரும் சத்தமா சொல்லாத ஒரு பேரு கேட்டது, பின்னாடியே "சாப்பிட வாங்க"ன்னு கியோகோ குரல்ல. எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் கேட்கிட்ட நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. இவங்க சிரிப்பை நிறுத்தல.

ரெண்டாவது தொகுதி எங்கன்னு கேட்டிருக்காங்க, ஆர்டர் போட்டாச்சு. அடுத்த வாரம் 'காகுயா-சாமா', சத்தியமா.